ஒருமை

வியாழக்கிழமைதோறும் என் மனைவி வசுமதி, புனேயில் நாங்கள் இருக்கும் நிக்டியிலிருந்து கேம்ப் பகுதிக்கு டவுன் பஸ் ஏறுவது ஏற்கெனவே உறுத்திக்கொண்டிருந்தது. இன்று அவள் நோட்டு கையில் சிக்கியது.

‘மழையில் நனைந்து வந்தான். அவன் கழுத்தில் வழிந்த தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றேன். ரொம்ப நாள் கழித்து எனக்கு ஆசை வந்தது.’

எனக்குப் பற்றி எரிந்தது. நான் தொட்டாலே சுருங்குகிறவள்!

“யாருடி அவன்?”

“நேத்து நனைஞ்சுட்டு வந்த நீங்கதான்.”

“புளுகாதே! என்னை என்னைக்காவது ‘அவன்’னு சொல்லியிருக்கியா நீ?”

“எனக்கு ஆசையே வரலைன்னுதான் கேம்ப்ல ஒரு டாக்டரம்மாவைப் பார்க்கறேன். ‘பன்னண்டு வருஷமா அவர், வாங்க, போங்கன்னு மரியாதை குடுத்தே தள்ளி நிக்கறே. புருஷனை அவன்னு எழுதிப் பாரு’ன்னாங்க.”

நோட்டைப் பிடுங்கிக்கொண்டு, கல்யாணமாகி முதல் தடவையாகச் சொன்னாள்:

“போடா!”