எழுதியாச்சு என்று சொன்ன மிஷின்

“எழுதியாச்சுன்னு நீதான காட்டுன?”

சௌந்திரம் கேட்டது கம்ப்யூட்டரைப் பார்த்து. மனுஷன் ஏமாற்றினால் சட்டையைப் பிடித்துக் கேட்கலாம், இதனிடம் எதைப் பிடிப்பது?

சேலம் சூரமங்கலத்து நூல் கம்பெனியில் மூன்று திரைக்கும் ஒரே கம்ப்யூட்டர் மிஷின். அது ஆமையாக நகர, முதலாளி கந்தப்பன் கெடு வைத்துவிட்டார். இந்த மாதத்து பில்கள் இன்றைக்குள் முடிந்தால் சௌந்திரத்துக்குக் கோயமுத்தூர் ஆபீசில் நிரந்தர வேலை. இல்லையென்றால் மிஷினோடு அவளும் வெளியே.

அவள் மிஷினை முடுக்கிவிட்டாள். ஒவ்வொரு பில்லையும் உடனே டிஸ்க்கில் எழுதாமல் மெமரியில் சேர்த்துவைத்து, மத்தியானம் மொத்தமாக எழுதச் சொன்னாள். அதுவரை திரையில் ‘எழுதியாச்சு’ என்று பொய்தான் வரும். ஆனால் பில்கள் பறந்தன.

காலையில் மொபெட்டில் கொண்டுவந்து விட்டபோதே புருஷன் மயில்சாமியிடம் இந்த யோசனையைப் பெருமையாகச் சொல்லியிருந்தாள். அதுக்குள்ள கரண்டு போனா என்று அவன் கேட்டான். கரண்டு போனால் மிஷினைத் தாங்கும் பேட்டரியை வாங்க முதலாளிக்கு மனசு வராததால், அம்புட்டும் போச்சுங்க என்றாள்.

“எங் கண்ணு கெட்டிக்காரி. கோயமுத்தூர்லயே ஊடு பாத்துக்கலாம்” என்றான்.

மத்தியானம் சாப்பாட்டுக் கேரியரை அவனே கொண்டுவந்து மேஜையில் வைத்துவிட்டு, மீட்டர் பெட்டியோரக் குழாயில் கை கழுவப் பின்பக்கம் போனான். கடைசி பில்லை அடித்துக்கொண்டிருந்தாள். மின்விசிறி நின்றது, திரை இருண்டது. எதிர் மாவு மில் மட்டும் கடகடவென்று அரைத்துக்கொண்டிருந்தது.

சற்று நேரத்தில் கரண்டு வந்தது. பில் ஒன்றுகூட இல்லை.

சேலத்தில் கரண்டு போவது இன்று நேற்றா நடக்கிறது, அது தெரியாமல் ஏன் விளையாடினாய் என்று முதலாளி எகிறினார். நாளைக்கு வரவேண்டாம் என்றுவிட்டார்.

சாயங்காலம் வாசலில் மொபெட்டோடு நின்ற மயில்சாமியைப் பார்த்ததும் அழுகை முட்டியது. கரண்டு கட்டாகி வேலை போச்சுங்க, இந்த மிஷினப் போயி நம்புனனே என்று மட்டும் சொன்னாள். இந்த ஒரு மனுஷனாவது நமக்கு இருக்கிறாரே என்று தோன்றியது.

அவன் அவள் கண்ணைத் துடைத்துவிட்டு, ஆறுதலாகச் சொன்னான்.

“ப்யூசப் புடுங்குனா எந்த மிஷினுந்தான் தாங்கும்? உடு கண்ணு, ஊட்டோட இருந்துக்க.”