உண்ணி எடுக்கும் முறை

உண்ணி எடுப்பதில் அவசரம் கூடாது. இடுக்கியைத் தோலை ஒட்டிப் பிடித்து, முறுக்காமல் நேராக மேலே இழுக்க வேண்டும். எடுத்த இடத்தில் ஒரு சிவப்புப் புள்ளி இருக்கும். முழங்காலின் பின்பக்கம் நம் கண்ணுக்கு எட்டாது. அதை இன்னொருவர்தான் பார்க்க வேண்டும்.

சிங்கப்பூரின் புலாவ் உபின் தீவில் கூடாரம் போட்ட அன்று, பூச்சி விரட்டும் ஸ்ப்ரேயை என் கால்களிலேயே அடித்துத் தீர்த்துவிட்டேன். பிறகு மனைவி தமயந்தியின் கால்களில் காலி டப்பாவை அழுத்தினேன். வெறும் காற்றுதான் வந்தது. "நல்லா பட்டுச்சுலா, போதும்," என்றாள்.

மார்சிலிங் வீட்டுக்குத் திரும்பி ஒன்பது நாள் ஆகிறது. துணிகளை வெந்நீரில் துவைத்தாயிற்று. ஆனாலும் தினமும் காலையில் என் முழங்காலுக்குப் பின்னால், இரத்தம் குடித்து உப்பிய ஓர் உண்ணி ஒட்டியிருக்கிறது. தமயந்திதான் எடுத்துவிடுகிறாள். "உங்க ரத்தம் அவ்ளோ ஸ்வீட்டா?" என்று சிரிப்பாள். என் தோலில் மட்டும் புள்ளி விழுவதே இல்லை என்பாள்.

இன்று ஒன்பதாவது உண்ணியை எடுத்தாள். ஸ்ப்ரே விஷயத்தைச் சொல்லிவிட வாயெடுத்தேன். அதற்குள் அவள் திரும்பி நின்றாள்.

"எனக்கும் முட்டிக்குப் பின்னால பாருங்க. ஒரே அரிப்பு."

குனிந்து எண்ணினேன். ஒன்பது சிவப்புப் புள்ளிகள்.

"ஏதாச்சும் இருக்கா?"

"ஒன்னும் இல்லலா," என்றேன்.