ஜான்கி வீட்டு நாடகம்

அந்தத் தீவு நாட்டில் ராணுவம் ஆட்சியைப் பிடித்து மூன்று வாரம் ஆகியிருந்தது. தலைநகரை அடுத்த நசினுவில் பஸ்ஸைவிட்டு இறங்கி நடந்த பல்ராமுக்குப் பக்கத்து வீட்டிலிருந்து ஒரு பெண்ணின் அலறல் கேட்டது. சிரித்துக்கொண்டே தன் வீட்டுக்குள் நுழைந்தார்.

“ஜான்கி அண்ணி மறுபடியும் அந்த ஆஸ்திரேலியா நாடகத்தைப் போட்டுட்டாங்க.”

“எதை?” என்றாள் மனைவி உர்மிளா.

“அவங்க மகன் சிட்னியிலேருந்து அனுப்பின கறுப்பு வெள்ளை வீடியோ கேசட்தான். முகமூடிக்காரன் உள்ளே வருவான், அந்தப் பொம்பளை கத்துவா. தினமும் கேட்டு எனக்கே மனப்பாடம்.”

உர்மிளாவின் முகம் வெளுத்தது. மூலையில் போர்த்தியிருந்த சேலையை இழுத்தாள். அதன் அடியில் ஜான்கியின் டிவியும் வீடியோ டெக்கும் இருந்தன.

“நாளைக்குப் பிளேன் ஏறணும்னு காலையிலேயே நமக்குக் கொடுத்துட்டாங்க. கேசட்டும் இதுக்குள்ளேதான் இருக்கு!”

பக்கத்து வீட்டில் அலறல் நின்றுவிட்டிருந்தது.