நாங்க

மஸ்கட்டில் பத்தொன்பது வருடம் வேலை பார்த்துவிட்டு மாசிலாமணி ஒரேயடியாக ஊருக்கு வந்து நாற்பது நாளாகிறது. மனைவி தமயந்தி இன்றும் காபியைச் சாஸரோடுதான் கொண்டுவந்தாள். விருந்தாளி வந்தால் மட்டும் அலமாரியிலிருந்து இறங்கும் கோப்பை அது. லீவில் வரும்போதெல்லாம் அவருக்கும் அதில்தான்.

"டம்ளர்லயே கொடேன்."

"அது நசுங்கிப்போனதுங்க. நாங்க குடிக்கிறது."

சொன்ன பிறகுதான் அந்த ‘நாங்க’ அவள் காதிலேயே விழுந்தது. ‘நாம’ என்று மாற்றிச் சொல்ல வாயெடுத்தாள். இனி மாற்றினால் இன்னும் மோசமாகிவிடும் என்று தோன்றியது.

அவர் கோப்பையை ஓரமாக நகர்த்திவிட்டு, அவள் பாதி குடித்து வைத்திருந்த நசுங்கல் டம்ளரை எடுத்தார்.

"எச்சிங்க."

"நம்ம எச்சிதான" என்று வாயில் வைத்தார்.

யாரும் குடிக்காத கோப்பையில் மெல்ல ஆடை படிந்துகொண்டிருந்தது.