தாய்மாமன் கொண்டாந்த சைக்கிள்

மதுரையில் வாங்கிய புது சைக்கிளோடு பேயாண்டி உசிலம்பட்டிக்கு வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. மறுநாள் அக்கா மகனுக்குக் கல்யாணம். சைக்கிள்தான் தாய்மாமன் சீர். ஊர்க்காரர்கள் ஓடி வந்து பார்த்தபோது அது வாசலில் பளபளவென்று நின்றது.

"இந்த வெயில்ல இம்புட்டுத் தூரமா? வழியில எங்கயாவது உக்காந்தியா?" என்றார் ஒரு பெரியவர்.

"காலையிலருந்து உக்காரவே இல்லண்ணே."

"நின்னுக்கிட்டேல்ல மிதிச்சிருக்கான்" என்று கூட்டம் வாயைப் பிளந்தது.

"செக்கானூரணி தாண்டி எதிர்க்காத்து. அங்கதான் கொஞ்சம் தள்ளாடிட்டேன்."

அக்கா அன்னக்கொடிக்குப் பெருமை தாங்கவில்லை. அவள் புருஷன் முத்திருளன் மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

"நாள் பூரா மிதிச்ச வண்டி பழசுதானே மாப்ள? பழசைச் சீரா வச்சா சபையில என்னைய எவன் மதிப்பான்? திருப்பிக் கொண்டு போயிரு."

அன்னக்கொடிக்குக் கண் கலங்கிவிட்டது.

"மிதிச்சேன்னு யாரு மாமா சொன்னது? தாய்மாமன் சீரைத் தரையில உருட்டிக்கிட்டா வருவாங்க? மதுரையிலருந்து தலையிலதான் தூக்கியாந்தேன்."

முத்திருளன் டயரைத் தடவிப் பார்த்தார். விரலில் பொட்டுத் தூசி ஒட்டவில்லை.

"அன்னக்கொடி, வெந்நி போடு. மாப்ளைக்குக் கழுத்து வலிக்கும்" என்றார்.