நூற்று நாற்பது டிகிரி

"பேரனுக்கு நூத்தி நாப்பது டிகிரி காய்ச்சல்னு போட்டிருக்கீங்க. புள்ள உயிரோட இருக்கானா?"

அதிகாரி செல்போனை நீட்டினார். லிப்ட் கம்பெனி முதலாளி தலையைக் குனிந்துகொண்டார்.

காலை ஒன்பது மணிக்கெல்லாம் போட்டி ஆணையத்திலிருந்து ஆறு பேர் வந்து இறங்கிவிட்டார்கள். கம்பெனிகள் ஒன்றோடொன்று கூடிப் பேசி விலையை ஏற்றினால் பிடிப்பதுதான் அவர்கள் வேலை. கம்ப்யூட்டருக்கு சீல் வைத்து, பீரோவைக் குடைந்து, குப்பைத்தொட்டியைக் கவிழ்த்து, ஒன்றும் கிடைக்கவில்லை. கடைசியில் விஷயம் முதலாளியின் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சிக்கியது.

"இதுக்கு வந்த பதிலைப் பாருங்க. 'என் தெர்மாமீட்டர்ல நூத்தி நாப்பத்தஞ்சு காட்டுது.' யாரு இது, டாக்டரா?"

"சம்பந்தி, சார்."

சம்பந்தி இருப்பது பக்கத்து நாட்டில். அவருக்கும் லிப்ட் கம்பெனிதான். இரண்டு நாட்டிலும் எந்த ஆஸ்பத்திரி லிப்டுக்கு டெண்டர் விட்டாலும் போட்டி போடுவது இவர்கள் இருவர்தான். போட்டி போட்ட லட்சணம் அந்தக் குழுவில் இருந்தது. முதலாளி நூற்று நாற்பது லட்சம் கேட்பார். சம்பந்தி வேண்டுமென்றே ஐந்து லட்சம் கூட்டிக் கேட்டுத் தோற்றுப்போவார்.

"போன டெண்டரை நான் அவருக்கு விட்டேன். இதை அவரு எனக்கு விட்டாரு. நமக்குள்ள எதுக்குப் போட்டி, சார்? அதுவும் நான் பொண்ணைக் கொடுத்தவன். கொஞ்சம் அனுசரிச்சுத்தானே போகணும்?"

அதிகாரிக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

"நீங்க அனுசரிச்சுப் போனதுல அந்த ஆஸ்பத்திரில பணம் பத்தாம ரெண்டு லிப்டுக்கு ஒண்ணுதான் போட்டாங்க. அது ரிப்பேரானா, ஆபரேஷன் ஆனவனை நாலு பேரு படியில தூக்கிட்டு ஏறுறாங்க. 'நமக்குள்ள எதுக்குப் போட்டி.' இந்த மூணு வார்த்தையை ஒழிக்கத்தான்யா அரசாங்கம் எங்களுக்குச் சம்பளம் தருது."

நியாயமான கோபம்தான். முதலாளிக்கே வெட்கமாகப் போய்விட்டது. லிப்ட் செய்கிற மனுஷன், படியில் தூக்கிக்கொண்டு ஏறுகிற நோயாளியை அதுவரை நினைத்தே பார்க்கவில்லை.

அதிகாரி ஒரு படிவத்தை எடுத்து மேஜையில் வைத்தார்.

"பக்கத்து நாட்டு ஆணையமும் நாங்களும் ஒப்பந்தம் போட்டிருக்கோம். இந்நேரம் உங்க சம்பந்தி ஆபீஸ்லயும் ஆறு பேரு உட்கார்ந்திருக்காங்க. அவர் முன்னாடியும் இதே படிவம் இருக்கு. ரெண்டு பேருல யாரு முதல்ல குத்தத்தை ஒத்துக்கிட்டுக் கையெழுத்துப் போடுறீங்களோ, அவங்களுக்கு முழு மன்னிப்பு. பிந்துறவருக்கு அபராதம். கம்பெனியை வித்தாத்தான் கட்ட முடியும்."

"சம்பந்தியைக் காட்டிக்கொடுக்கச் சொல்றீங்களா? என் பொண்ணு அந்த வீட்டுல இருக்கா, சார்."

"உங்ககிட்ட எண்பது பேரு வேலை பாக்குறாங்க. அவங்களுக்கும் வீடு இருக்கு."

கண்ணாடிக் கதவுக்கு வெளியே மெக்கானிக்குகள் டூல் பையைத் தோளில் மாட்டியபடி, உள்ளே போவதா வீட்டுக்குப் போவதா என்று தெரியாமல் நின்றிருந்தார்கள்.

"அவரு போட மாட்டாரு, சார். நல்ல மனுஷன்."

"இதுவரைக்கும் நான் பிடிச்ச எல்லாருமே கூட்டாளியை நல்ல மனுஷன்னுதான் சொன்னாங்க. மணி பத்து பதினெட்டு."

முதலாளி பேனாவை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார். மகள் இனி தன்னோடு பேசவே மாட்டாள் என்று நினைத்தார். வெளியே நின்ற மெக்கானிக்குகளை இன்னொரு முறை பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

அதிகாரி கையெழுத்துக்குக் கீழே 'மணி 10.20' என்று எழுதினார்.

"பொழைச்சீங்க. முதல் ஆளு நீங்கதான்."

பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி நின்று போன் போட்டார். மறுமுனையில் பக்கத்து நாட்டு அதிகாரி. அறை சின்னது, குரல் பெரியது. எல்லாம் முதலாளி காதில் விழுந்தது.

"நம்ம ஆளு போட்டுட்டாரு. உங்க ஆளு? இன்னும் போடலையா? என்ன, அழுறாரா? 'சம்பந்தியைக் காட்டிக்கொடுக்க மாட்டேன்'ங்கிறாரா?"

முதலாளி முகத்தைக் கையால் பொத்திக்கொண்டார்.

"அட, அதனால என்ன. மெதுவாப் போடச் சொல்லுங்க. எப்போ போட்டாலும் பத்து முப்பதுன்னு எழுதிக்கங்க. இங்க நான் பத்து நாப்பதுன்னு மாத்திக்கிறேன். முதல் கையெழுத்து வாங்குற ஆபீசுக்குத்தானே வருஷக் கடைசியில விருது? போன கேஸை நீங்க எங்களுக்கு விட்டீங்க. இது உங்களுக்கு. அடுத்தது பாத்துக்கலாம்."

மறுமுனையில் என்னவோ தயங்கினார்கள் போலிருக்கிறது. அதிகாரி பெருந்தன்மையாகச் சிரித்தார்.

"இருக்கட்டும், இருக்கட்டும். நமக்குள்ள எதுக்குப் போட்டி?"

திரும்பி வந்து உட்கார்ந்தார். படிவத்தில் இருபதை அடித்துவிட்டு நாற்பது என்று எழுதினார்.

"ஒரு சின்னத் திருத்தம்," என்றார், முதலாளியைப் பார்க்காமலே.

கத்துவார் என்று அதிகாரி எதிர்பார்த்திருக்கலாம். முதலாளி கத்தவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு, சொந்தக்காரரை விசாரிப்பதுபோல அக்கறையாகக் கேட்டார்.

"சார், அந்த ஆபீசுக்கு நீங்க பொண்ணு கொடுத்திருக்கீங்களா, இல்ல அங்கேருந்து எடுத்திருக்கீங்களா?"