பின் சீட்டில் பிரேக் இல்லை

பின் சீட்டில் உட்கார்ந்ததும் காலை எங்கே வைப்பது என்று கார் டீச்சருக்குத் தெரியவில்லை.

டிரைவிங் ஸ்கூல் தொடங்கி இத்தனை வருடமும் அவள் இடம் முன்னால், மாணவருக்குப் பக்கத்தில். அங்கே காலடியில், சொல்லிக்கொடுப்பவருக்கென்று இன்னொரு பிரேக் உண்டு. அவளுடைய கால் அதன் மேல் குடித்தனமே நடத்தியது.

இன்று அந்த இடத்தில் புதிதாகச் சேர்ந்தவள் உட்கார்ந்திருந்தாள். பல வருடம் பள்ளி வேன் ஓட்டியவள். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுகிற ரகம்.

ஒரு ஆள், ஒரு கார். அவ்வளவுதான் ஸ்கூல். டீச்சருக்குக் காய்ச்சல் வந்தால் ஸ்கூலுக்கும் காய்ச்சல். இப்படியே காலத்தைத் தள்ளக் கூடாது என்று துணிந்து இரண்டாவது கார் வாங்கிவிட்டாள். துணிச்சல் அதோடு தீர்ந்துபோனது. கார் உறை போர்த்திக்கொண்டு வாசலில் நிற்கிறது.

அதன் சாவியைப் புதியவளிடம் கொடுக்க மனசு வரவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று இழுத்ததில், தான் வேனுக்கே திரும்பிப் போய்விடுவதாகப் புதியவள் நேற்று சொன்னாள். கோபப்படாமல் சொன்னாள். அதுதான் டீச்சருக்குப் பயமாக இருந்தது.

அதனால் இன்றைக்கே பரீட்சை. பரீட்சைக்கு இந்த மாணவர்.

ஸ்டீயரிங்கில் தொப்பை இடிக்கும் மாணவர். எத்தனையோ பயந்தாங்கொள்ளிகளை ரோட்டில் பறக்கவிட்ட டீச்சர் இவரிடம் மட்டும் தோற்றுப்போனாள். போன வருடம் பாதிப் பாடத்தில் வண்டியை ஓரம்கட்டிவிட்டு இறங்கி நடந்தே போனவர் இவர். பிரேக்கையெல்லாம் டீச்சரே போட்டுக்கொண்டால் தனக்கு அங்கே என்ன வேலை என்பது அவர் கோபம்.

இன்று அவரைச் சம்மதிக்க வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. பின்னால் உட்கார்ந்தாலும் வாயைத் திறக்க மாட்டேன் என்று டீச்சர் சத்தியம் பண்ண வேண்டியிருந்தது.

வண்டி கடைவீதியைத் தாண்டியது. மருந்துக்கடைத் திருப்பத்தில் இண்டிகேட்டர் போட மறந்தார். டீச்சர் உதட்டைக் கடித்துக்கொண்டாள். புதியவள் ஒன்றும் சொல்லாமல் அவரைப் பார்த்தாள். நாக்கைக் கடித்துக்கொண்டு அவரே போட்டார்.

டீச்சரின் வாய்தான் சத்தியம் பண்ணியிருந்தது. கால் பண்ணவில்லை. அது பின் சீட்டு மிதியடியை மிதித்து மிதித்து ஒரு வழி பண்ணிக்கொண்டிருந்தது.

திடீரென்று ஒரு வீட்டு கேட்டிலிருந்து வேன் ஒன்று பின்பக்கமாக ரோட்டுக்கு வந்தது.

டீச்சர் ஓங்கி மிதித்தாள். காலுக்கடியில் வெறும் ரப்பர்.

உயிரே போய்த் திரும்பி வந்தது.

கார் நின்றுவிட்டது. குலுங்கவில்லை. வேனுக்கும் காருக்கும் நடுவில் இன்னொரு கார் நிற்கிற அளவுக்கு இடம் இருந்தது.

என்ன கால் இவளுக்கு, என்று டீச்சர் நினைத்தாள். தன் காலை விடப் பதமான கால். கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. கைப்பையைத் துழாவி, புதுக் காரின் சாவியை எடுத்து முன்பக்கம் நீட்டினாள்.

புதியவள் வாங்கிக்கொள்ளவில்லை.

“நான் காலைத் தயாரா வச்சிருந்தேன், அவ்ளோதான்க்கா. மிதிச்சது சார்.”

நீட்டிய கை அப்படியே நின்றது.

போன வருடம் தன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அதே மனிதர்தான். அவருக்கும் கால் இருந்தது. அதை ஒரு தடவையாவது முந்தவிட்டிருந்தால்தானே.

டீச்சர் சாவியைப் புதியவளின் மடியில் போட்டாள். வேன் வந்தபோதும் மிதிக்காமல் காத்திருந்தாளே, அதற்காக.

மாணவர் சட்டைக் கையால் நெற்றி வியர்வையைத் துடைத்தார். கண்ணாடியில் டீச்சரைத் தேடிப் பிடித்தார். போன வருடம் முறைத்த கண்களில் இப்போது சின்னப் பிள்ளையின் பெருமை.

“வீட்டுக்குப் போலாமாடி? இன்னைக்கு நான் கூட்டிட்டுப் போறேன்.”

கல்யாணமான நாளிலிருந்து எங்கே போனாலும் அவரை ஏற்றிக்கொண்டு போனது அவள்தான். சரியென்று தலையை ஆட்டினாள்.

செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டு காலையும் மடக்கி சீட்டின் மேல் வைத்துக்கொண்டாள்.